பாரத்தில் அப்பா கையெழுத்துக்கு இடம் இல்லை

பதிவு நாளன்று காலை ஏழு மணிக்கே விடுதி வாசலில் கார்கள் வரிசை கட்டிவிடும். கூலிம், சுங்கைப் பட்டாணி, ஈப்போ, சுங்கை சிப்புட், கிள்ளான் என்று ஊர் ஊராக வந்து இறங்குவார்கள். பின் இருக்கையில் பாட்டி, பாட்டி மடியில் தலையணை. காருக்குப் பின்னால் வாளி, ஹேங்கர் கட்டு, மைலோ டின், அம்மா வறுத்து அரைத்த மிளகாய்த்தூள், ஒரு சின்ன ரைஸ் குக்கர். பிள்ளை முகப்பில் நின்று பாரம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தபடி கேட்பார்: "நான் எங்கே கையெழுத்துப் போடணும், டீச்சர்?"

"எங்கேயும் இல்லை, அண்ணே."

பினாங்கில் ஒரு பல்கலைக்கழக விடுதியில் ஆறு ஆண்டுகள் ஃபெலோவாக, அதாவது அங்கேயே தங்கி மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் விரிவுரையாளராக, இருந்தேன். பகலில் விரிவுரை, இரவில் மாணவர்களோடு அதே கட்டடத்தில் குடித்தனம். அந்த ஆறு ஆண்டுகளில் நான் அதிகமாகப் பதில் சொன்ன கேள்வி அதுதான். பதிலைக் கேட்டதும் அப்பாக்களின் முகம் ஒரு நிமிடம் வாடிப்போவதையும் பார்த்திருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்த்த நாள் முதல் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் வரை எல்லாத் தாளிலும் அவர் கையெழுத்து இருந்தது. ரிப்போர்ட் கார்டு, சுற்றுலா அனுமதி, தடுப்பூசிச் சீட்டு, எதுவும் விடுபடவில்லை. இங்கே விதிகளுக்கு உட்பட்டு நடப்பேன் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவது பிள்ளை. பெற்றோரின் பெயர் வருவது ஒரே ஒரு வரியில்: அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்.

விடுதி விதிகள் பெற்றோருக்கு விசித்திரமாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இடம் புரியாததுதான். மலேசியச் சட்டப்படி 18 வயது நிறைந்தவர் முழு வயது வந்தவர். 1971ஆம் ஆண்டிலிருந்தே அப்படித்தான். 2021 டிசம்பரிலிருந்து அந்த வயதில் ஓட்டும் போடலாம். எஸ்பிஎம்முக்குப் பிறகு மெட்ரிக்குலேஷனோ எஸ்டிபிஎம்மோ என்ற முன்படிப்பை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் வரும் பிள்ளைக்கு வயது 19 அல்லது 20. ஆகவே அறை, சாவி, கட்டணம், தண்டனை எல்லாமே அவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் உள்ள ஒப்பந்தம். கடிதமும் அவர் பெயருக்குத்தான் வரும். எஸ்பிஎம் முடித்த கையோடு டிப்ளோமா, அடிப்படைக் கல்வி என்று போகும் பிள்ளைகளில் சிலருக்கு இன்னும் 18 நிறைந்திருக்காது. அவர்களுக்கு மட்டும் பெற்றோர் ஒப்புதல் சில இடங்களில் தேவைப்படும்.

நம் குடும்பங்களுக்கு இது அதிர்ச்சியாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலாய்க் குடும்பங்கள் பலவற்றில் அஸ்ராமா, அதாவது பள்ளி விடுதி, என்பது பழகிய சொல். 1905இல் கோலகங்சாரில் தொடங்கிய மலாய்க் கல்லூரி முதல் இன்றைய முழு விடுதிப் பள்ளிகள் வரை, 13 வயதில் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது அங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அப்பா அஸ்ராமாவில் இருந்திருப்பார், அக்கா இருந்திருப்பாள், எதைக் கொண்டுபோக வேண்டும், எதற்கு வார்டனிடம் பேச வேண்டும் என்று வீட்டிலேயே தெரியும். நம் தமிழ்ப்பள்ளிகளில் தங்கும் விடுதி அரிது. இடைநிலைப் பள்ளிக்கும் பெரும்பாலும் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வந்த பிள்ளைதான். எனவே 19 வயதில் வீட்டை விட்டு வெளியே தங்கும் முதல் இரவு, அந்தக் குடும்பத்துக்கே முதல் இரவாக இருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லை. அதை யாருடைய குறையாகவும் நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இடைவெளியை நிரப்பாமல் விட்டால் பிள்ளைதான் அவதிப்படும்.

முதலில் யார் யார் என்று பார்த்துவிடலாம். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1969இல் தொடங்கப்பட்டது. குளுகோரில் பிரிட்டிஷ் ராணுவ முகாமாக இருந்த மிண்டன்தான் அதன் வளாகம். அங்கே விடுதிக்கு 'டேசாசிஸ்வா' என்று பெயர். டேசா என்றால் கிராமம், சிஸ்வா என்றால் மாணவர். விடுதித் தலைவர் 'பெங்காவா'. கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்திலோ விடுதிக்கு 'கொலேஜ் கெடியாமான்', தலைவர் 'பெங்கெத்துவா'. அங்கே விடுதிகளை எண் சொல்லியே அழைப்பார்கள்: ஐந்தாம் கொலேஜ், பன்னிரண்டாம் கொலேஜ். இதில் ஒரு சின்னக் குழப்பம் எல்லா ஆண்டும் வரும். "கொலேஜில் மீட்டிங், ராத்திரி பத்து மணிக்கு முடியும்" என்று மகள் சொன்னால், காலேஜ் என்றால் வகுப்பு நடக்கும் இடம் என்று பழகிய அம்மா, பத்து மணி வரைக்கும் எந்த வாத்தியார் பாடம் நடத்துகிறார் என்று சந்தேகப்படுவார். மகள் சொன்னது விடுதியை. மீட்டிங் நடந்தது அவள் அறைக்கு இரண்டு மாடி கீழே.

பெங்காவா, பெங்கெத்துவா எல்லாம் மேலிடம். அன்றாடம் பிள்ளைக்குத் தெரிந்த முகம் ஃபெலோ. அதற்கும் கீழே மாணவர்களே தேர்ந்தெடுக்கும் அல்லது நியமிக்கப்படும் விடுதிச் செயற்குழு இருக்கும். இரவில் வாசலில் பாதுகாவலர் இருப்பார். பதிவு நாளன்று இந்த நால்வரில் ஃபெலோவின் பெயரையும் பாதுகாப்பு அறையின் எண்ணையும் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

அப்புறம் அந்த ரைஸ் குக்கர். பல விடுதிகளில் அறைக்குள் சமைப்பதே கூடாது. சில இடங்களில் கெட்டில் போன்ற பொருளைப் பதிந்து, மாதத்துக்கோ பருவத்துக்கோ ஒரு தொகை கட்டினால் வைத்துக்கொள்ளலாம். துணி தேய்க்கத் தனி அறை இருக்கும். பெற்றோர் இதைக் கஞ்சத்தனம் என்று நினைக்கிறார்கள். "ஒரு கோப்பைத் தண்ணி கொதிக்க வைக்கிறதுக்குக் கூடவா?" என்று ஓர் அம்மா என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். நான் அவரை மின்பெட்டி இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். ஒரு சாதாரணக் கெட்டில் 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். அது ஏறக்குறைய 9 ஆம்பியர். பழைய விடுதிகளில் அடுத்தடுத்த அறைகளின் பிளக்குகள் ஒரே சர்க்யூட்டில் இருக்கும். ஓர் அறையில் கெட்டில், பக்கத்து அறையில் இன்னொரு கெட்டில், மூன்றாவது அறையில் இஸ்திரிப் பெட்டி என்று ஒரே நேரத்தில் போட்டால் சுவிட்ச் டப்பென்று விழும். அந்த வரிசை முழுக்க இருட்டு. மறுநாள் தேர்வு என்றால் முப்பது பிள்ளைகளின் படிப்பு நிற்கும். சுவிட்ச் விழுந்தால் நல்லது என்றுகூடச் சொல்வேன். விழாமல் கம்பி சூடேறினால்தான் தீ. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் ரைஸ் குக்கரைச் செருகி, அதை மெத்தைக்கு அடியில் விட்டிருந்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். வயரின் உறை இளகிப்போயிருந்தது. அந்தப் பொருளை அன்று நான் எடுத்து வைத்தேன். பருவ முடிவில் வந்து கேட்டபோது திருப்பியும் கொடுத்தேன். பறிமுதல் என்ற சொல் பெரிதாக இருக்கிறது, உண்மையில் அது பெரும்பாலும் அலமாரியில் வைத்துப் பூட்டுவதுதான்.

விளக்கு விஷயமும் இதே போலத்தான். காமாட்சி விளக்கும் ஒரு புட்டி நல்லெண்ணெயும் கொடுத்து அனுப்பாத அம்மாவை நான் பார்த்தது குறைவு. திறந்த நெருப்பு எந்த விடுதி அறையிலும் கூடாது. சாம்பிராணி, சூடம், ஊதுபத்தி எல்லாம் அதில் சேரும். சாமிப் படத்துக்குத் தடையில்லை. இரண்டு பேரோ மூன்று பேரோ இருக்கும் அறையில் அவரவர் மேசையும் அலமாரியும் அவரவருடையது. என் விடுதியில் ஒரு மாணவி அலமாரிக் கதவின் உட்பக்கம் முருகன் படம் ஒட்டி, பேட்டரியில் எரியும் சின்ன விளக்கொன்றை வைத்திருந்தாள். காலையில் கதவைத் திறந்து கும்பிட்டுவிட்டு மூடுவாள். அதே நேரத்தில் அந்தப் பக்கம் அறைத்தோழி தொழுகைக்கு விரிப்பை விரித்திருப்பாள். ஒருத்தி முடிக்கும் வரை மற்றவள் ஹேர் டிரையரைப் போடமாட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர்களாகவே பேசி வைத்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டில் கொஞ்சம் முன்யோசனை வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழக விடுதிகளில் பொதுச் சமையல் இடமும் பொதுக் குளிர்பெட்டியும் ஹலாலாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரும் கோழிக் கறியை அதில் வைப்பதற்கு முன்னால் கேட்டுவிட்டு வைப்பது நல்லது. புரட்டாசியில் சைவம் சாப்பிடும் பிள்ளைக்கு கேண்டீனில் ஒரு காயும் முட்டை போடாத மீ கோரிங்கும் கிடைத்துவிடும், ஆனால் ஒரு மாதம் முழுக்க அதையே சாப்பிட முடியாது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் போன்ற, அடுப்பே தேவைப்படாத சாமான்களைக் கொடுத்து அனுப்புங்கள். ரைஸ் குக்கரை விட அவைதான் பிள்ளையைக் காப்பாற்றும்.

ஆண்கள் கட்டடத்துக்குள் பெண்களும், பெண்கள் கட்டடத்துக்குள் ஆண்களும் போகக் கூடாது. இந்த விதி அப்பாவுக்கும் அண்ணனுக்கும் பொருந்தும் என்பதுதான் பலருக்கு ஆச்சரியம். பதிவு நாளன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற அனுமதிப்பார்கள். அடுத்த வாரம் அதே மாடிக்கு விடமாட்டார்கள், கீழே முகப்பில் உட்கார்ந்து பேச வேண்டியதுதான். அம்மாவானாலும் அறையில் இரவு தங்க முடியாது. மகளைப் பார்க்க வந்து, மழையில் நேரமாகிவிட, "ஒரு ராத்திரிதானே" என்று கெஞ்சிய தாயைத் திருப்பி அனுப்ப எனக்கும் மனசு வரவில்லை. ஆனால் அந்த அறையில் இன்னொரு பெண் இருக்கிறாள். அவள் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

இரவுக் கதவுக்கு வருவோம். பல விடுதிகள் நள்ளிரவு வாக்கில் வாசலை மூடும், அதற்குப் பிறகு வருபவர் பெயரும் மெட்ரிக் எண் என்னும் மாணவர் எண்ணும் எழுதிவிட்டு உள்ளே போக வேண்டும். அடிக்கடி எழுதினால் ஃபெலோ கூப்பிட்டுக் கேட்பார். பெற்றோர் இதைப் பள்ளி வருகைப் பதிவேடு போல நினைத்து, "நேத்து என் மகன் எத்தனை மணிக்கு வந்தான், பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்பார்கள். அந்தப் புத்தகம் அதற்காக இல்லை. தீ பிடித்தால் உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும், வெளியாள் நுழைந்தால் தெரிய வேண்டும், அதற்காகத்தான். வயது வந்த ஒருவரின் நடமாட்டத்தை அவருக்குத் தெரியாமல் வீட்டுக்குச் சொல்வதற்கு ஃபெலோவுக்கு அதிகாரம் இல்லை.

ஆனால் போன் எடுக்கவில்லை என்று பதறிக் கூப்பிட்டால் நாங்கள் அலட்சியம் செய்ததே இல்லை. ஓர் இரவு ஒன்றரை மணிக்கு ஓர் அம்மா கூப்பிட்டு அழுதார். இருபத்தேழு முறை அடித்தும் மகன் எடுக்கவில்லையாம். நான் பாதுகாவலரோடு ஆண்கள் கட்டடத்து ஃபெலோவை எழுப்பி, அவர் போய்க் கதவைத் தட்டினார். பையன் தூங்கிக்கொண்டிருந்தான்; போன் சத்தமில்லாமல் சார்ஜில் கிடந்தது. அடுத்த நாள் அவன் அறைத்தோழர்கள் அவனைப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது. வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு என்று பேசி வைத்துக்கொண்டால் இந்தக் கலவரம் தேவையில்லை. அறைத்தோழர் ஒருவரின் எண்ணைப் பிள்ளையின் சம்மதத்தோடு வாங்கிக்கொள்வதும் உதவும். உண்மையாகவே பிள்ளையைக் காணவில்லை என்றால், போலீஸ் புகாருக்கு 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு பேச்சு சுற்றுகிறதே, அப்படி எந்தச் சட்டமும் கிடையாது. உடனே செய்யலாம்.

பெற்றோர் உண்மையாகக் கவலைப்பட வேண்டிய ஒன்று பகடிவதை. 2017இல் கோலாலம்பூர் சுங்கை பெசியில் உள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழக விடுதியில், மடிக்கணினி திருடினார் என்று சந்தேகப்பட்டு, கடற்படைப் பயிற்சி மாணவர் ஒருவரை உடன் தங்கியிருந்தவர்களே நீராவி இஸ்திரிப் பெட்டியால் சூடு வைத்தார்கள். அவர் இறந்துபோனார். வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. அந்தச் செய்தியைப் படித்த எந்தப் பெற்றோருக்கும் வயிறு கலங்காமல் இருந்திருக்காது. எல்லா விடுதியிலும் அப்படி நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. நான் பார்த்தவை அதைவிட எவ்வளவோ சிறியவை: இரவு இரண்டு மணிக்கு எழுப்பி வரிசையில் நிற்க வைப்பது, சீனியர் துணியைத் துவைக்கச் சொல்வது, வாட்ஸாப் குழுவில் ஒருவரின் நிறத்தைக் கேலி செய்வது. சிறியவை என்று விட்டதுதான் பெரியதாகும். அறிமுக வாரத்தில் புது மாணவர்களை வழிநடத்த சீனியர்கள் இருப்பது முறைதான். உடம்பைத் தொட்டுத் தண்டிப்பதும், பணம் கேட்பதும், பூட்டிய அறைக்குள் 'பேச' கூப்பிடுவதும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் முறை கிடையாது.

சட்டமும் இப்போது கடுமையாகியிருக்கிறது. இணையத்தில் துன்புறுத்தப்பட்ட தமிழ்ப் பெண் ஒருவர் 2024 ஜூலையில் உயிரிழந்த பிறகு எழுந்த கொதிப்பில், குற்றவியல் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தன. மிரட்டுவது, இழிவுபடுத்துவது, ஒருவரின் சொந்த விவரத்தைத் தொல்லை கொடுப்பதற்காகப் பரப்புவது எல்லாம் இப்போது நேரடிக் குற்றம். விடுதி வாட்ஸாப் குழுவுக்கும் அது பொருந்தும்.

பிள்ளை இதைப் பற்றி நேராகச் சொல்லாது. "சீனியர் ஒருத்தருக்குக் கொடுக்கணும்" என்று அடிக்கடி பணம் கேட்கும். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தால் ஞாயிறு திரும்பக் கிளம்பும்போது வயிற்று வலி என்னும். கேட்டுத் தெரிந்தால், மாமா சித்தப்பா எல்லாரையும் வேனில் ஏற்றிக்கொண்டு விடுதிக்கு வந்துவிடாதீர்கள். அப்படி வந்து, கைகலப்பாகி, புகார் கொடுக்க வேண்டிய பையனே குற்றம் சாட்டப்பட்ட பக்கம் போய் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். குறுஞ்செய்திகளைப் படம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். காயம் இருந்தால் கிளினிக்கில் காட்டி எழுதி வாங்குங்கள். ஃபெலோவிடமும் மாணவர் விவகாரப் பிரிவிடமும் எழுத்தில் கொடுங்கள். அடி விழுந்திருந்தால் போலீஸுக்குப் போங்கள். வாய்ச்சொல்லில் சொன்ன புகார் ஆள் மாறினால் காணாமல் போய்விடும்.

இதன் மறுபக்கமாக, உங்கள் பிள்ளைக்கே ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் வந்தால் என்ன செய்வது? முதலில் வருவது தண்டனை இல்லை, காரணம் கேட்கும் கடிதம். என்ன விதி, எந்த நாள், என்ன நடந்தது என்று அதில் இருக்கும். பதில் சொல்ல ஒரு கெடு இருக்கும். அந்தக் கெடுவை விடுவதுதான் நம் பிள்ளைகள் செய்யும் பெரிய தப்பு. பயத்தில் கடிதத்தை மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டு வீட்டுக்கும் சொல்லாமல் இருந்துவிடுவார்கள். எழுத்தில் பதில் கொடுத்து, விசாரணையில் நேரில் விளக்கி, தீர்ப்பு பிடிக்காவிட்டால் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. எச்சரிக்கை, அபராதம், விடுதியிலிருந்து வெளியேற்றம், படிப்பிலிருந்து சில காலம் நிறுத்தம், கடைசியாக நீக்கம் என்று தண்டனை படிப்படியாகப் போகும். விடுதியிலிருந்து வெளியேற்றினால் படிப்பு போனதாக அர்த்தம் இல்லை. இது தெரியாமல், மகனைப் பல்கலைக்கழகத்திலிருந்தே துரத்திவிட்டார்கள் என்று ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு அவனை ஊருக்கு அழைத்துப்போய்விட்டது. நான் போன் செய்து வரவழைப்பதற்குள் இரண்டு வார வகுப்பு போய்விட்டது. போதைப்பொருள் மட்டும் வேறு கணக்கு. அது விடுதி விதியோடு நிற்காது, நேராக 1952ஆம் ஆண்டின் அபாயகரமான போதைப்பொருள் சட்டத்துக்குப் போகும். புகையும் வேப்பும்கூட வளாகத்தில் சட்டப்படியே தடை. 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்த சட்டத்தில் அதற்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு.

"அரசியல் பக்கம் தலை வச்சுப் படுக்காதே, படிப்பு போயிடும்" என்று சொல்லி அனுப்பும் அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பயம் வெறும் பயம் இல்லை, அதற்கு வரலாறு உண்டு. 1974இல் ரப்பர் விலை விழுந்து கெடாவின் பாலிங்கில் மக்கள் பட்டினி கிடந்தபோது கோலாலம்பூரில் மாணவர்கள் தெருவில் இறங்கிக் கைதானார்கள். அதற்கு அடுத்த ஆண்டே, மாணவர் அரசியலைத் தடுத்த 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பங்களுக்கு அந்த விலை வீழ்ச்சியும் தெரியும், அந்தக் கைதுகளும் தெரியும். ஆனால் அந்தப் பூட்டு பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தது. 2010 உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது பிடிபட்ட தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வரின் வழக்கில், அந்தத் தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் சொன்னது. 2012இல் மாணவர் கட்சியில் சேர அனுமதி வந்தது. 2018 டிசம்பரில் வளாகத்துக்குள்ளேயும் அரசியல் நடவடிக்கைக்கு இருந்த தடையை நாடாளுமன்றம் நீக்கியது. பிள்ளை மாணவர் பேரவைத் தேர்தலில் நிற்கிறேன் என்றால் பதற வேண்டியதில்லை. பட்டியலில் பெயர் பார்த்துவிட்டு வாழ்த்துங்கள்.

இந்திய மாணவர் இயக்கம், கலை இரவு, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் என்று பிள்ளை ஓடுவதையும் பல பெற்றோர் வெட்டிவேலை என்கிறார்கள். விடுதி இடம் முதலாண்டு மாணவருக்குப் பெரும்பாலும் கிடைத்துவிடும். அதற்கு அடுத்த ஆண்டு கிடைப்பது, பல இடங்களில் நடவடிக்கைகளில் சேர்த்த புள்ளிகளைப் பொறுத்தது. இதைப் பிள்ளைகள் 'மெரிட்' என்பார்கள். அறையிலேயே அடைந்து கிடந்து படிப்பில் நான்குக்கு நான்கு பாயிண்ட் வாங்கிய பிள்ளை, இரண்டாம் ஆண்டில் சுங்கை டுவாவிலோ, கோலாலம்பூர் என்றால் பந்தாய் டாலாமிலோ வாடகை வீடு தேடி அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். வெளியே போனால் வாடகை, முன்பணம், மோட்டார், மோட்டாருக்கு எண்ணெய் என்று செலவு தொடரும். விடுதிக் கட்டணத்தோடு அதை ஒப்பிடவே முடியாது. அளவாக இரண்டு மூன்று நடவடிக்கையில் இருப்பதுதான் சரி. படிப்பில் பருவச் சராசரி 2.00க்குக் கீழே போனால் கண்காணிப்பில் வைப்பார்கள், தொடர்ந்தால் நீக்குவார்கள், பிடிபிடிஎன் என்னும் அரசாங்க உயர்கல்விக் கடனும் சிக்கலாகும். வகுப்பு வருகை பொதுவாக 80 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள். முடிவு உங்கள் வீட்டுக்குத் தபாலில் வராது, பிள்ளையின் இணையக் கணக்கில்தான் தெரியும். சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் முதல் பருவத்திலேயே தொடங்கினால்தான் உண்டு.

கோலாலம்பூர்த் தனியார் கல்லூரிகளுக்குப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அங்கே 'ஹாஸ்டல்' என்பது பல நேரங்களில் கொண்டோமினியத்தில் எடுத்த வீடு. நடத்துவது வேறொரு நிறுவனமாகவும் இருக்கலாம். முன்பணம் எப்போது திரும்ப வரும், பாதியில் காலி செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், இரவில் பொறுப்பாள் யார், இவை மூன்றையும் தாளில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எங்கே விடுதியானாலும் அறைக்குள் நுழைந்த அன்றே கட்டில், மேசை, அலமாரி, ஜன்னல் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துவிட்டு, உடைந்திருப்பதைச் சாமான் பட்டியலில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாத விரிசல் எல்லாம் பருவ முடிவில் உங்கள் பிள்ளை செய்ததாகிவிடும்.

உடல்நலத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதில்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது.

பதிவின்போது ஒரு மருத்துவப் பாரம் உண்டு. ஆஸ்துமா, நீரிழிவு, இதயக் கோளாறு, வலிப்பு, மனநலச் சிகிச்சை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஆம் இல்லை என்று இருக்கும். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போட்டுவிட்டு வரும் பிள்ளைகள் எத்தனையோ. ஓர் இரவு இரண்டு மணிக்கு என் கதவு இடிபட்டது. முதலாண்டு மாணவி ஒருத்தி வலிப்பு வந்து கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே விழுந்து கிடந்தாள். அறைத்தோழி கிளந்தான்காரப் பெண். அழுதுகொண்டே, கையில் ஒரு கரண்டியோடு நின்றாள்; வாயில் வைக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வலிப்பு வந்தவர் வாயில் எதையும் வைக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைத்து, சுற்றியுள்ள பொருளைத் தள்ளிவிட்டு, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 999. நான்கு நிமிடத்தில் அவளுக்கு நின்றது. நெற்றியில் காயம், மேசை முனை குத்தியது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே வீட்டுக்கு அடித்தேன். பாரத்தில் இருந்த அப்பாவின் எண் சேவையில் இல்லை, பிரிபெய்டு காலாவதியாகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு நினைவு திரும்பி, போனைத் திறந்து அம்மா எண்ணைக் காட்டும் வரை, எந்த மருந்து சாப்பிடுகிறாள் என்று டாக்டரிடம் சொல்ல எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

காலையில் அம்மா வந்தார். பஸ் பிடித்து வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு டீச்சர். எழுதினா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னு நான்தான் வேண்டாம்னேன்." அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் ஊரில் அந்த ஒரு சொல் பெண்ணுக்கு என்ன செய்யும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பாரம் அறிவிப்புப் பலகைக்குப் போவதில்லை. மாணவர் கிளினிக்குக்குப் போகும். விடுதியில் தெரிய வேண்டியவருக்குத் தெரியும். எழுதியிருந்தால் அவளுக்குக் கீழ்த்தளத்தில் அறை கொடுத்திருப்போம், மேசையைத் தள்ளிப் போட்டிருப்போம், அறைத்தோழிக்கு என்ன செய்வது என்று அவள் சம்மதத்தோடு சொல்லிக் கொடுத்திருப்போம். இன்சுலின் போடும் பிள்ளை என்றால் குளிர்பெட்டியில் ஓர் இடம் ஒதுக்கியிருப்போம்.

மனநலத்துக்கும் இதுவேதான். பல்கலைக்கழகங்களில் கவுன்சலிங் பிரிவு இருக்கிறது, அங்கே போனதாகச் சான்றிதழில் எழுத மாட்டார்கள். 2023இல் குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவு நீக்கப்பட்டதால், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் இன்று குற்றவாளி இல்லை. உதவி கேட்டால் போலீஸ் வரும் என்று பயந்து மறைக்கத் தேவையில்லை. கோலாலம்பூரில் 1970 முதல் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். பிள்ளை கூப்பிடலாம், பிள்ளையை நினைத்துத் தூக்கம் வராத அம்மாவும் கூப்பிடலாம்.

அந்தப் பெண்ணுக்கு மறுவாரம் கீழ்த்தளத்தில் அறை மாற்றிக் கொடுத்தோம். கிளந்தான்காரத் தோழியும் தானாகவே கேட்டு அவளோடு மாறி வந்தாள். அலுவலகத்தில் மருத்துவப் பாரத்தை எடுத்து வைத்ததும், மாணவி முதல் பக்கத்தைத் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவசரத் தொடர்பு என்ற வரிக்கு வந்தபோது அம்மா பேனாவை வாங்கிக்கொண்டார். தன் எண்ணை எழுதினார், மூத்த மகனின் எண்ணை எழுதினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, வரியில் இடம் போதாமல் ஓரத்தில், பட்டர்வொர்த்தில் இருக்கும் தங்கையின் எண்ணையும் எழுதினார். பிறகு மூன்றையும் அங்கேயே ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தார்.